பாக்கிப் பட்டியலிலிருந்து விளையாடியதைத் திரும்பிப் பார்ப்பது எப்படி?

வாங்கி வைத்துத் தொடாமல் கிடக்கும் வீடியோ கேம்களின் பட்டியலை, அதாவது பாக்கிப் பட்டியலை, எப்படிக் குறைப்பது என்று எல்லோரும் பேசுகிறார்கள். விளையாடி முடித்த பிறகு என்ன செய்வது என்ற பேச்சு மட்டும் எழுவதே இல்லை. முடித்த கையோடு பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தால், கொஞ்ச காலத்தில் அந்த விளையாட்டில் நமக்கு மிஞ்சுவது பெயரும் முகப்புப் படமும்தான். இருபது, முப்பது மணி நேரம் கொடுத்த ஒன்றுக்கு அது நியாயமே இல்லை. அதனால் பாக்கிப் பட்டியலிலிருந்து எடுத்து விளையாடும் ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவைக்கிறேன். அடுத்து எதை எடுப்பது என்பதையும் அந்தக் குறிப்புகளிடமே கேட்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முடித்த அன்றே எழுதிவிடுங்கள். விமர்சனம் எதையும் படிக்கும் முன், முடிவை விளக்கும் வீடியோ எதையும் பார்க்கும் முன் எழுதுங்கள். மற்றவர்களின் சொற்கள் மிக வேகமாக நம் நினைவுக்குள் குடியேறிவிடும். நமக்குத் தட்டையாகத் தெரிந்த ஒரு காட்சியை ஒருவர் உருகி உருகி விவரித்திருப்பார். படித்து முடித்ததும், நாமும் உருகினோம் என்றே தோன்ற ஆரம்பித்துவிடும். எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அப்போது திறக்க வேண்டாம். எதுவும் பார்க்காமல் எழுதும்போது தானாக மேலே வருவதுதான் நம்மைத் தொட்டது. இடத்தின் பெயர், பாத்திரத்தின் பெயர் போன்றவற்றைப் படங்களைப் பார்த்துப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

கதைச் சுருக்கம் எழுதுவதில் பொழுதைக் கழிக்காதீர்கள். கதை எங்கு தேடினாலும் கிடைக்கும். வேறு எங்கும் கிடைக்காதது, அந்த விளையாட்டு உங்கள் கைகளையும் மூளையையும் என்ன செய்ய வைத்தது என்பது. குறிப்பின் முதல் பத்தி அதற்கே. நடந்தேன், ஒளிந்தேன், எண்ணினேன், காத்திருந்தேன் என்று வினைச்சொற்களாக எழுதிப் பாருங்கள். எந்த வினை அதிக நேரம் எடுத்தது, எது சலித்தது, எது கடைசிவரை இனித்தது என்பதெல்லாம் தானாகப் பிரிந்து வரும்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2017இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்' என்ற விளையாட்டில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். (இந்தப் பத்தி அவன் பகுதியின் உள்ளே போகிறது, விளையாடாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கால் (கட்டைவிரலால் அசைக்கும் சின்னக் குச்சி) மீனை எடுக்க வேண்டும், வெட்டும் கத்தியின் அடியில் தலையை நகர்த்த வேண்டும், உடலைத் தூக்கிப் போட வேண்டும். அப்படியே அடுத்த மீன். இதற்கிடையில் அவன் மனத்தில் ஒரு கற்பனை நாடு உருவாகிறது. அதில் நடமாடும் உருவத்தை இடது ஸ்டிக்கால் நகர்த்துகிறோம். முதலில் திரையின் ஓர் ஓரத்தில் சின்னதாக இருக்கும் அந்த நாடு, மெல்ல விரிந்து ஆலையையே மறைத்துவிடுகிறது. நம் வலது கை மட்டும் மீன்களை வெட்டிக்கொண்டே இருக்கிறது, பார்க்காமலே. 'பகல் கனவில் மூழ்கிய தொழிலாளியின் சோகக் கதை' என்று எழுதினால் இதில் எதுவுமே பதிவாகாது. என் குறிப்பில் இருப்பது இதுதான்: 'வலது கை வேலை செய்வதை மறந்துவிட்டேன். மறந்தேன் என்று உணர்ந்த கணத்தில் லூயிஸைப் புரிந்துகொண்டேன்.' இரண்டே வரிகள். அதைப் படித்தால் அந்த ஆலை முழுவதும் எனக்குத் திரும்ப வந்துவிடும்.

பாக்கிப் பட்டியல் என்றாலே பழைய விளையாட்டுகளும் இருக்கும். அவற்றுக்கு இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அது வந்த ஆண்டு, நீங்கள் விளையாடிய ஆண்டு. 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' 2005இல் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவிக்காக வந்தது. பிளேஸ்டேஷன் 4க்காக 2018இல் அதைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். பரந்த வெற்று நிலம், வீழ்த்த வேண்டிய பதினாறு பேருருவங்கள், ஒரு குதிரை. வழியில் சில்லறை எதிரிகள் கிடையாது. பெரிய உலகத்தில் இஷ்டம்போல் சுற்றவிடும் இன்றைய வீடியோ கேம்களுக்குப் பழகியவருக்கு முதல் அரை மணி நேரம் வெறிச்சென்றுதான் இருக்கும். அதை மறைக்காமல் எழுதுங்கள். கூடவே இன்னொரு கேள்வியையும் எழுதுங்கள்: எனக்கு இடறியது அதன் வயதா, அதன் நோக்கமா? வாளைத் தூக்கிப் பிடித்து, அதன் வெளிச்சத்தை வைத்துத் திசை தேட வேண்டியிருப்பதும், குதிரை நாம் சொன்ன நொடியே திரும்பாமல் உயிருள்ள பிராணியைப் போலத் தயங்கித் திரும்புவதும் நோக்கத்தோடு செய்யப்பட்டவை. பேருருவத்தின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கும் நேரமெல்லாம் ஒரு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் நாயகனுடைய பிடியின் வலு குறையக் குறைய நம் விரலும் கடுக்கிறது. அதை முதுமை என்று கணக்கெழுதினால் அந்த விளையாட்டைப் பார்க்கத் தவறிவிடுவோம். சில கோணங்களில் முரண்டுபிடிக்கும் கேமரா மட்டும் வயதின் கணக்கில் போகட்டும்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த வகை: தெரிந்துகொள்வதே ஆட்டமாக இருக்கும் விளையாட்டுகள். இவற்றை முதல்முறையாக விளையாடுவது ஒரே ஒரு தடவைதான் முடியும். விடை தெரிந்த பிறகு திரும்ப விளையாடினால் அது வேறு விளையாட்டு. ஆகவே இவற்றுக்கு மட்டும் முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் எழுதுங்கள்.

லூக்காஸ் போப் உருவாக்கி 2018இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1807. காணாமல்போய்த் தானாகத் திரும்பிவந்த ஒரு கப்பலில், கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் ஏறுகிறோம். அறுபது பேரின் பெயரையும் கதியையும் கண்டுபிடிக்க வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம். சடலத்தருகே அதைத் திறந்தால் அந்த மரணத்தின் கணம் உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து பார்க்கலாம். மூன்று பேரின் விவரம் சரியாக அமையும்போதுதான் விளையாட்டு அவற்றை உறுதிசெய்யும். இந்த ஏற்பாட்டில், இரண்டு பேரை நிச்சயமாகத் தெரிந்துகொண்டு மூன்றாமவருக்குப் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவும் இடமிருக்கிறது. அதனால் குறிப்பில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'கண்டேன்', 'கழித்தேன்', 'ஊகித்தேன்' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நேரடிச் சான்றால் பிடித்தவர், மற்றவர்களை விலக்கி வந்து சேர்ந்தவர், குருட்டாம்போக்கில் மாட்டியவர். மாலுமிகள் படுக்கும் தூளிப் படுக்கைகளில் எண்கள் தொங்குவதைக் கவனித்து, அவற்றைக் கப்பலின் ஆள்பட்டியல் எண்களோடு பொருத்திய இடம் என் குறிப்பில் 'கண்டேன்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தக் கணத்தின் பெருமை இன்றும் குறையவில்லை. முடித்த பிறகு மூன்று வகையையும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் எந்த மாதிரித் துப்பறிபவர் என்று தெரியும்.

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) என்ற விண்வெளி விளையாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருபத்திரண்டு நிமிடங்களில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். புதிய ஆயுதமோ கூடுதல் வலிமையோ சேர்வதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நாம் எடுத்துப்போவது கற்றறிந்ததை மட்டுமே. விண்கலத்தில் இருக்கும் பதிவேடு நாம் கண்டுபிடித்தவற்றை ஒன்றோடொன்று கோடிட்டு இணைத்துக் காட்டும். நம்மிடம் மிச்சமிருக்க வேண்டியது, எந்த வரிசையில் போனோம் என்பது. இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் அங்கே போனவருக்கு அவசரம்தான் இந்த விளையாட்டின் குணமாகத் தெரியும். உள்ளே கருந்துளையை வைத்துக்கொண்டு உடைந்து விழும் கோளுக்கு முதலில் போனவருக்கு அச்சம்தான் குணமாகத் தெரியும். ஒவ்வோர் அமர்வுக்கும் போன இடம், கிளம்பும்போது மனத்தில் இருந்த கேள்வி, இவை இரண்டையும் எழுதினால் போதும். பின்னாளில் அது உங்களுடைய பயண நூலாக நிற்கும்.

எந்தக் கருவியில் விளையாடியது, எந்தக் கடினநிலை, ஏறக்குறைய எத்தனை மணி நேரம் என்பதற்கு ஒரு வரி போதும். மணி நேரக் கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள்: கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில், விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு எழுந்துபோனாலும் அது திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும்.

கடினநிலையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018இல் வந்த 'செலஸ்ட்' ஒரு மலையேறும் விளையாட்டு. மேடலின் என்ற பெண்ணால் தாவ முடியும், காற்றில் ஒருமுறை பாய முடியும், சுவரைப் பற்றி ஏற முடியும். பாய்ச்சல் தீர்ந்தால் சிவந்த கூந்தல் நீலமாகிவிடும். அந்த நிறத்தைப் பார்த்தே அடுத்த அசைவை முடிவுசெய்யப் பழகிவிடுகிறோம். அதில் உதவி நிலை ஒன்று இருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், அடிபடாமலும் போகலாம். இதைப் பயன்படுத்தினால் எந்த அத்தியாயத்தில், எதற்காக என்று எழுதிவையுங்கள். குற்றப் பத்திரிகையாக வேண்டாம், சமையல் குறிப்பில் உப்பின் அளவை எழுதுவதுபோல எழுதுங்கள். உங்களுக்கு அந்த விளையாட்டு எந்தப் பதத்தில் இனித்தது என்பது அதில்தான் இருக்கிறது. எத்தனை முறை விழுந்தோம் என்பதையும் அத்தியாயவாரியாக அதுவே எண்ணிச் சொல்கிறது. அதிகம் விழுந்த அத்தியாயமும் அதிகம் ரசித்த அத்தியாயமும் ஒன்றா என்று பாருங்கள். எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. அதே விளையாட்டை விளையாடிய என் தங்கைக்கு அப்படியில்லை. அவளுக்குப் பிடித்தது விழ வாய்ப்பே இல்லாத இடம்: இழுவைக் கூண்டு நடுவானில் நின்றுவிட, மேடலின் ஓர் இறகைக் கற்பனை செய்து மூச்சைச் சீராக்கும் காட்சி.

பாதியில் வைத்தவற்றுக்கும் குறிப்பு வேண்டும். முடித்தவற்றைவிட அவற்றுக்குத்தான் அதிகம் வேண்டும் என்பேன். திரும்பி வரும்போது பட்டன்கள் மறந்திருக்கும், எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பது மறந்திருக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் பலரும் முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே இடத்தில் நிற்கிறார்கள். வழிகள் பின்னிக் கிடக்கும் 'ஹாலோ நைட்' (2017) போன்ற விளையாட்டில் இது இன்னும் கடினம். அதில் புதிய இடங்கள் வரைபடத்தில் ஏற வேண்டுமென்றால், எழுதுகோல் வாங்கியிருக்க வேண்டும், பிறகு ஓர் இருக்கையில் போய் அமர வேண்டும். அப்படியொரு இருக்கையில் அமர்ந்தபடிதான் நான் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். குறிப்பு இப்படி: 'கண்ணீர் நகரம். மழை. கிழக்கே ஒரு கதவு இன்னும் திறக்கவில்லை. குணப்படுத்திக்கொள்ளும் பட்டனை நின்றபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். நிறுத்தக் காரணம்: இந்த மாதம் வேலையால் தலை நிறைந்திருக்கிறது, வழியை நினைவில் வைக்க இடமில்லை. அமைதியான மாதத்தில் வருக.' காரணத்தை இப்படித் தெளிவாக எழுதினால், குறை விளையாட்டிலா நம் நாட்களிலா என்ற குழப்பம் வராது. உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வாங்கிய காசுக்காக அதை அங்கேயே வைத்திருக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் போடாதீர்கள். பத்துக்கு எட்டு என்று எழுதினால், ஏன் எட்டு என்பது ஓராண்டில் உங்களுக்கே தெரியாது. அந்த இடத்தில், இதை யாருக்குக் கொடுப்பேன், என்ன சொல்லிக் கொடுப்பேன் என்று எழுதுங்கள். 'புதிர் பிடிக்கும், கன்ட்ரோலர் பழக்கமில்லாத அக்காவுக்கு: ஓப்ரா டின். அவசரமே இல்லை, யாரும் துரத்த மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.' இந்த ஒரு வரியில் விளையாட்டைப் பற்றிய தீர்ப்பும் இருக்கிறது, பயனும் இருக்கிறது.

நான்கைந்து பக்கங்கள் சேர்ந்ததும் அவற்றை ஒரே மூச்சில் படியுங்கள். இந்த முறையின் பெரிய பலன் இங்கேதான். தனித்தனியாக எழுதும்போது தெரியாத ஒன்று அடுத்தடுத்துப் படிக்கும்போது துலங்கும். என் பக்கங்களில் தெரிந்தது: நான் கொண்டாடிய செலஸ்ட், ஓப்ரா டின், அவுட்டர் வைல்ட்ஸ் மூன்றிலும் சாவு தண்டனையாக இல்லை. ஒன்றில் அது நொடியில் தீரும் சறுக்கல், ஒன்றில் சான்று, ஒன்றில் அடுத்த சுற்றுக்கான பாடம். மலையேற்றம், துப்பறிதல், விண்வெளி என்று வகை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரை இது என் கண்ணில் படவில்லை. எனக்குப் பிடித்தது ஒரு வகை விளையாட்டு என்பதைவிட, தோல்வியிலிருந்து எனக்கு ஏதாவது கொடுக்கும் விளையாட்டு என்பதே சரி. உங்களுக்கு வேறொன்று கிடைக்கும்: மழை பெய்யும் நகரங்களாக இருக்கலாம், பேசிக்கொண்டே நடக்கும் இருவராக இருக்கலாம்.

கிடைத்ததை வைத்துப் பாக்கிப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். எதை எடுப்பது என்பதோடு நிற்காமல், தொடங்கும் முன்பே புதிய பக்கத்தின் தலையில் உங்கள் எதிர்பார்ப்பையும் எழுதிவிடுங்கள். நான் அடுத்து எடுப்பது 'இன்டு தி பிரீச்' (2018). எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட பலகை, எதிரி எங்கே தாக்கப்போகிறது என்பதை நம் முறைக்கு முன்பே காட்டிவிடும் ஆட்டம். பக்கத்தின் தலையில் எழுதியிருக்கிறேன்: 'எல்லாம் முன்பே தெரிந்தும் தோற்றால், அந்தத் தோல்வி எனக்கு எதைக் கொடுக்கும்? கொடுக்கும் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் மேலே கண்டுபிடித்ததாகச் சொன்னதைத் திருத்த வேண்டும்.' அதற்குக் கீழே பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது, இன்றிரவு தொடங்குகிறேன்.