யாழ்ப்பாண நகரில் இருந்துகொண்டு வன்னிப்பக்கத்து வெட்டவெளியை வரைய

வேலையும் வீடும் நகரத்தில், வரைய ஆசையோ பற்றைக்காடும் களப்பும் என்றால் ரொம் தொம்சனின் வழியைப் பாருங்கள். எங்கள் சனம் இவ்வளவு பேர் வாழும் அதே ரொறன்ரோவில் இருந்த ஓவியர். வசந்தத்தில் புறப்பட்டு இலையுதிர்காலம் வரை வடக்கே அல்கொன்குயின் காட்டில் கனூ என்ற சின்னத் துடுப்புப் படகில் திரிந்து சின்னப் பலகைகளில் எண்ணெய் வர்ணத்தால் வரைவார். பனிக்காலத்தில் நகரத்துக்குத் திரும்பி, ஒரு கொட்டிலில் இருந்து, அவற்றில் சிலதைப் பெரிய கன்வசில் தீட்டுவார். 'ஜாக் பைன்' 1916-17 குளிர்காலத்தில் அப்படி வந்த படம். 1917 ஜூலையில், 39 வயதில், அந்தக் காட்டின் கனூ ஏரியிலேயே இறந்துபோனார்.

எங்களுக்குப் பனி இல்லை, மாரி இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை வீட்டில் பெரிய படம், தை பிறந்து மழை ஓய்ந்ததும் வெளியே. முதலில் சுண்டிக்குளம் போங்கள். 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகக் கடற்கரையோரம் போகலாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் எவ்வளவு வடிவான காட்சி என்றாலும் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம், அந்த ஊர் மீனவரிடம் கேட்டுவிட்டு நடவுங்கள்.

பலகை சின்னதாகவே இருக்கட்டும். தொம்சனுடையது ஏறத்தாழ 21க்கு 27 சென்ரிமீற்றர். அந்த அளவை ஒரே இருப்பில், வெளிச்சம் மாறுவதற்குள் முடிக்கலாம். இங்கே அது முக்கியம், ஏனென்றால் காலை ஒன்பது மணி தாண்டினால் நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும். மெல்லிய பிளைவுட்டை வெட்டி, இரண்டு பக்கமும் பிறைமர் (வர்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசுங்கள், ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும். ஈரப் பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டு செருகி, ரப்பர் பட்டி போட்டால் பஸ்ஸில் கூடக் கொண்டு வரலாம். சோளகம் வீசும் மாதங்களில் எண்ணெய் வர்ணத்தில் மணல் ஒட்டும், அப்போது வாட்டர்கலர் எடுத்துப் போங்கள்.

பச்சைதான் கஷ்டம். கடையில் வாங்கிய பச்சையை அப்படியே பூசினால் பனை வாழையாகிவிடும். பனையோலை சாம்பல் கலந்த நீலப்பச்சை. அல்ட்ராமரீன் நீலமும் மஞ்சள் ஓக்கரும் கலந்து, துளி சிவப்பால் அடக்கி, கொஞ்சம் வெள்ளை சேர்த்துப் பாருங்கள். அப்புறம், வற்றிய களப்பின் உப்பும் தனி வெள்ளை இல்லை, காலையில் அதில் ஊதாவும் இளஞ்சிவப்பும் இருக்கும். அந்த நிறங்களைப் பலகையின் பின்புறம் எழுதி வையுங்கள். போன் படம் வடிவத்துக்கு உதவும், நிறத்துக்கு நம்பாதீர்கள்.

வீட்டில் வடக்கு ஜன்னல் அருகே வரையச் சொல்லிப் புத்தகங்கள் சொல்லும். அது குளிர்நாட்டுக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் சித்திரை நடுவில் இருந்து ஆவணி வரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது, வெயில் நேரே கன்வசில் விழும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறுங்கள், அது இல்லாவிட்டால் வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டுங்கள்.