லயத்துல உயிர்த்தெழுதலப் பத்திப் பேசுறது எப்படி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்ல) இயேசுவப் பத்தி சாட்சி சொல்ல ஆசைப்படுற தம்பி தங்கச்சிமாருக்கு முதல்ல ஒண்ணு சொல்றேன், பாவம் நரகம்னு ஆரம்பிக்காதீங்க, இயேசு செத்து உயிரோட எழும்பின ஈஸ்டர்ல இருந்து ஆரம்பிங்க. கிறிஸ்து எழும்பலைன்னா எங்க விசுவாசமே வீண்னு பவுலே 1 கொரிந்தியர் 15ல எழுதிட்டாரு, அப்புறம் நம்ம எதுக்கு சுத்தி வளைக்கணும்.

அந்த அதிகாரத்த நீங்க நல்லா படிச்சு வச்சிக்கங்க. கி.பி. 55 வாக்குல எழுதின கடிதம் அது, சிலுவையில அறைஞ்சு இருபது இருபத்தஞ்சு வருஷந்தான் ஆகியிருக்கும். கேபா (பேதுருதான்), யாக்கோபு, ஒரே நேரத்துல ஐந்நூறு பேருக்கு மேலன்னு கண்டவங்கள வரிசையா சொல்லி, அந்த ஐந்நூறு பேர்ல பெரும்பாலானவங்க இன்னும் உயிரோடதான் இருக்காங்கன்னும் சொல்றாரு, சந்தேகம்னா போயி கேட்டுக்கன்ற மாதிரி.

எப்ப பேசுறது? பெரட்டு நேரத்துலயும் (காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறப்ப) கொழுந்து நிறுக்கிற எடத்துலயும் வேணவே வேணாம், அங்க அவங்கவங்க கிலோ கணக்குதான் மண்டைக்குள்ள ஓடும். அந்திக்கு இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) பிளேன்டியோட (பால் இல்லாத தேத்தண்ணியோட) ஒக்காந்திருக்கப்ப அவங்களா ஏதாவது கேட்டா பேசுங்க. கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கு கல்லறைக்குப் போன பொம்பளைங்க கதைய சொல்லிப் பாருங்க, விடியறதுக்குள்ள வேலையா கிளம்பிப் போனவங்கதான் முதல்ல கண்டது, ஓடி வந்து சொன்னா ஆம்பளைங்க ஒருத்தரும் நம்பல, வீண்பேச்சுன்னுட்டாங்க (லூக்கா 24). "அது எங்கயும் அப்படித்தானே"ன்னு சிரிப்பாங்க பாருங்க. அந்தக் காலத்துல பொம்பள சாட்சிக்கு மதிப்பு கம்மி, கட்டுக்கதைன்னா யாரும் அவங்கள முன்னுக்கு வச்சிருக்க மாட்டாங்க, இதையும் சேர்த்து சொல்லுங்க.

மாசி மாசம் காமன் கூத்து நடக்கிற தோட்டம்னா இந்தக் கேள்வி நிச்சயம் வரும்: "காமனும்தான் எரிஞ்சு திரும்ப எழும்புறான், இதுல என்ன புதுசு?" தயவுசெஞ்சு கேலி பண்ணாதீங்க, அது அவங்க தாத்தா காலத்துல இருந்து ஆடுற கூத்து. "ஆமாண்ணே, ரதி அழுறப்ப எனக்கும் கண்ணு கலங்கும், ஆனா நாங்க சொல்றது ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து ஆட்சியில எருசலேம்ல நடந்தது, கண்டவங்க பேரும் இருக்கு"ன்னு சொல்லிட்டு நிப்பாட்டிருங்க. இன்னொரு குழப்பம் மறுபிறவி. இயேசு வேற உடம்புல பொறக்கல, ஆணிக் காயத்தோட அதே உடம்புல வந்து தோமாகிட்ட காட்டினாரு, கரி நெருப்புல மீன் சுட்டு சீஷருக்கு காலைச் சாப்பாடு குடுத்தாரு (யோவான் 20, 21). சனத்துக்கு வசனம் மறந்தாலும் அந்த மீன் மறக்காது.

"2019 ஈஸ்டர்ல குண்டு வெடிச்சப்ப உங்க சாமி எங்க போனாரு?"ன்னும் கேப்பாங்க. அதுக்கு எங்கிட்டயும் ரெடியா ஒரு பதில் இல்ல, தெரியாததத் தெரியாதுன்னே சொல்லுங்க. செத்தவங்க எழும்புவாங்கன்னு நம்புறதாலதான் அந்த சனம் அதே கோயிலுக்குத் திரும்பப் போகுது, அத மட்டும் சொல்லலாம்.

சாவு வீட்டுல பிரசங்கம் கூடவே கூடாது. தண்ணி தூக்குங்க, கதிரை அடுக்குங்க, ராவு முழிச்சிருங்க. கருமாதி முடிஞ்சு ஒரு நாள் அவங்களே "எங்கம்மா இப்ப எங்க இருப்பாங்க"ன்னு கேட்டா, நீங்க நம்புறத நீங்க நம்புறதா சொல்லுங்க, அவங்கம்மா எங்கன்னு தீர்ப்பு சொல்ற வேலை நம்மளது இல்ல.

அரிசி பருப்பு பொதியோட துண்டுப்பிரசுரம் குடுக்குறத அடியோட விட்டுருங்க. மண்சரிவுல வீடு போயி நிக்கிறவங்கிட்ட நிவாரணத்தக் காட்டி ஆராதனைக்கு கூப்பிட்டா அது சாட்சியே இல்ல, யாவாரம், "மதம் மாத்துறானுங்க"ன்னு திட்டு வாங்குறதும் இதாலதான். உதவின்னா இந்துக் கோயில் தலைவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் குடுக்கணும்.

விரும்பின மதத்த ஏத்துக்கிற சுதந்திரம் இலங்கை அரசியலமைப்பு 10ஆம் உறுப்புரையில இருக்கு, வேணாம்னு சொல்ற சுதந்திரமும் அதுக்குள்ளதான் வருது. வேணாம்னா பேச்ச மாத்தி கிரிக்கெட் பேசுங்க. மேல கேக்க ஆசைப்பட்டா பைபிள்ல உள்ள மாற்கு சுவிசேஷ புத்தகத்தக் குடுங்க, சின்னது, ரெண்டு அந்தியில முடிச்சிரலாம். ஸ்கூல் போற பிள்ளைன்னா அம்மா அப்பாகிட்ட கேக்காம சபைக்கு கூட்டிட்டுப் போகாதீங்க.