சிக்னலில் நின்றால் ஏ.சி. சூடாகிறதா? கேஸ் நிரப்பும் முன் விசிறியைப் பாருங்கள்

நெடுஞ்சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிரும் ஏ.சி., சிக்னலில் நின்ற சில நிமிடங்களில் வெதுவெதுப்பான காற்றை வீசத் தொடங்கினால், பலரும் முதலில் கேஸ் நிரப்பத்தான் செல்கிறார்கள். கேஸ் கணிசமாகக் குறைந்த வண்டி பெரும்பாலும் ஓடும்போதும் சரியாகக் குளிராது. நிற்கும்போது மட்டும் குளிர் குறைகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சர் விசிறியைத்தான்.

கம்பிரசர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாக மாற வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். நிற்கும்போது விசிறியைத் தவிர வேறு வழியில்லை. விசிறி சுழலாவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 30 பார் அளவில் பிரஷர் சுவிட்ச் கம்பிரசரை நிறுத்திவிடும். பல வண்டிகளில் இதே விசிறி ரேடியேட்டருக்கும் துணை நிற்பதால், டெம்பரேச்சர் முள் மேலேறுவதும் இந்தக் கோளாறின் அடையாளமாகலாம். முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை அணைத்து வண்டியை ஓரம் கட்டுங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஏ.சி.யை முழு அளவில் வைத்து, காற்று சூடானதும் முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்சர் மீது மட்டும் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். சிறிது நேரத்தில் உள்ளே குளிர் திரும்பினால், கண்டென்சரில் வெப்பம் வெளியேறாததுதான் குறை என்பது தெளிவாகிவிடும். அதற்கு விசிறி காரணமாக இருக்கலாம், அல்லது கண்டென்சர் தகடுகளுக்கிடையே மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம். அடைப்பு இருந்தால் குறைந்த வேகத் தண்ணீரில் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயை மிக அருகில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றுவழியும் போய்விடும்.

இனி விசிறிக்கு வருவோம். சாவி அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் அது தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால், கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இறக்கையைக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். உரசினாலோ இறுகினாலோ பேரிங் போய்விட்டது. பிறகு மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, நடுவே ஃபியூஸ் உள்ள தடிமனான ஒயர்களால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். ஓடாத மோட்டார் மேல் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், அதன் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டித் தட்டி ஓட்டுவதைவிட மோட்டாரை மாற்றுவதே மேல். ஏற்கெனவே மோட்டார் மாற்றிய வண்டியானால், இணைப்பு தலைகீழாகி விசிறி எதிர்த்திசையில் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள். கிரிலுக்கு முன்னால் பிடித்த மெல்லிய காகிதம் உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் தவறு அங்கேதான்.

மோட்டார் நன்றாக இருந்தால், அதன் பிளக்கையும் பேட்டரி இணைப்பையும் திரும்ப மாட்டுங்கள். அடுத்தது ஃபியூஸும், விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயும். ரிலேயைப் பிடுங்கி, அதன் சாக்கெட்டை வெளிச்சத்தில் கவனமாகப் பாருங்கள். 30 அல்லது 87 எண் காலைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், புது ரிலே மட்டும் போடுவதில் பயனில்லை. பொதுவான நான்கு கால் ரிலேயில் 30, 87 ஆகியவை மோட்டாருக்கான மின்வழி. 85, 86 ஆகியவை ரிலேயை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கானவை. சாக்கெட்டில் 30, 87 ஆகியவற்றை ஃபியூஸ் உள்ள ஒயரால் இணைத்ததும் விசிறி ஓடினால், மின்வழி நன்றாக உள்ளது. ரிலேயோ அதற்கு வரும் கட்டளையோதான் குறை. ஏ.சி. போட்ட நிலையில் 85, 86 இடையே 12 வோல்ட் வந்தும் விசிறி ஓடாவிட்டால், ரிலேயை மாற்றலாம்.

30, 87 ஆகியவற்றை இணைத்தும் ஓடவில்லை, அல்லது சோர்ந்து ஓடுகிறது என்றால், மோட்டாரின் பிளக் மாட்டியிருக்கும்போதே வோல்ட்டை அளக்க வேண்டும். கழற்றிய பிளக்கில் 12 வோல்ட் காட்டும் ஒயர், சுமை ஏறியதும் 9 வோல்ட்டுக்கு இறங்கலாம். பலர் ஏமாறும் இடம் இதுதான். மோட்டாரின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். இரண்டு வேகங்கள் உள்ள விசிறி வேகமாக மட்டும் ஓடி, மெதுவேகத்தில் ஓடாவிட்டால், மெதுவேகத்துக்காக மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். பெல்ட்டால் சுழலும் பெரிய விசிறியோடு, கண்டென்சருக்கு முன்னால் தனியே மின்விசிறிகளும் கொண்ட மெர்சிடிஸ் டபிள்யூ124 போன்ற பழைய கார்களிலும் இதைப் பார்க்கலாம்.

ரிலேக்குக் கட்டளையே வராவிட்டால், எஞ்சின் சூட்டை அளக்கும் கூலண்ட் சென்சரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் கணினி பாதுகாப்புக்காக விசிறியை உடனே ஓட்டும். அப்படி ஓடினால் கணினியிலிருந்து மோட்டார் வரையான வழி நன்றாக உள்ளது, ஏ.சி. பிரஷர் சுவிட்சையோ சென்சரையோ சோதிக்க வேண்டும். கேஸ் மிகக் குறைந்து கம்பிரசரே இயங்காத வண்டியிலும் விசிறிக்குக் கட்டளை வராமல் போகலாம். கேஸ் அளவைச் சந்தேகிக்க வேண்டிய கட்டம் அதுதான். விசிறி ஒழுங்காகச் சுழன்றும் சூடேறிய பிறகு, கம்பிரசரை பெல்ட் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் விலகிவிட்டால், கிளட்ச் இடைவெளி அகன்றிருக்கலாம்.

கேஸ் நிரப்பத்தான் வேண்டும் என்று முடிவானால், கேஜ் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சின் அணைந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில், பல கார்களின் ஏ.சி. கேஸான ஆர்-134ஏ சுமார் 6.7 பார் காட்டும்; உள்ளே சிறிது திரவம் எஞ்சியிருந்தாலும் அதே அளவுதான், முழுதாக இருந்தாலும் அதே அளவுதான். ஆகவே முதலில் கசிவைத் தேடி அடைத்து, வாக்குவம் இழுத்து, பானெட்டின் கீழுள்ள ஸ்டிக்கரில் குறித்துள்ள கிராம் அளவுக்கு எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.