பழைய சைக்கிளுக்கு விலை போடும் முன்

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் இளைஞர், தன் தாத்தாவின் ஹம்பர் சைக்கிளை வேனில் கொண்டுவந்து கிருஷ்ணகிரியில் என் பட்டறை முன் இறக்கினார். பார்த்ததும் வயிறு எரிந்தது. தலை முதல் கால் வரை புதுக் கறுப்பு பெயின்ட். "புதிது போல ஆக்கிவிட்டேன் அண்ணா, என்ன விலை சொல்லலாம்?" என்றார். ஒரு காலத்தில் நானும் இதே பூரிப்போடு நின்றவன்தான்.

காற்றடித்து வையுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விற்பதற்காக பெயின்ட் அடிப்பது

என் பெரியப்பா பாலக்கோட்டில் ஓட்டிய ராலே சைக்கிள் என் கைக்கு வந்தபோது, மட்கார்டு ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு இருந்தது. அங்கங்கே அழிந்திருந்தாலும் கோடு கோடுதான். அதை இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், ஸ்பிரே அடித்தேன். போனில் 22,000 ரூபாய் வரை தருவதாகச் சொன்னவர் பெங்களூரிலிருந்து வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மட்கார்டில் நகத்தை ஓட்டிப் பார்த்து, "கோடு எங்கே?" என்று கேட்டார். 9,000 கொடுத்து எடுத்துப்போனார். அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது.

பழைய பெயின்ட்தான் சைக்கிளின் சாட்சி. எந்த மாடல், எங்கே உடைந்து ஒட்டியது, எங்கே துரு தின்றது எல்லாம் அதில் தெரியும். புது பெயின்ட் விரிசலையும் வெல்டிங்கையும் மூடிவிடும் என்று வாங்குபவருக்குத் தெரியும். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைக்கிறார். ஃபிரேமில் குத்திய எண் உப்புத்தாளில் தேய்ந்து, மிச்சம் பெயின்டில் அடைபட்டுப் போனால் இன்னும் மோசம்.

சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் போதும். குரோமில் துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கி, நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். தயவுசெய்து.

பெயரை மட்டும் படிப்பது

ராலே என்றாலே இங்கிலாந்து என்று விலை சொல்கிறார்கள். மேற்கு வங்கத்து அசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலையிலும் ராலே செய்தார்கள். ஹெர்குலிஸ் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பிறந்தது, நம் அம்பத்தூரிலும் பிறந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள பட்டயத்தில் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு வாய் திறவுங்கள்.

வருடத்தைச் செவிவழியாகச் சொல்வது

"தாத்தா கல்யாணத்துக்கு வாங்கியது" என்பது வருடம் ஆகாது. பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். 58, 7 என்று குத்தியிருந்தால் அந்த ஹப் 1958 ஜூலையில் செய்தது. ஹப்தான், சைக்கிள் அல்ல. சக்கரம் மாற்றியிருக்கலாம்.

இரும்புக் கடையில் விலை கேட்பது

கேட்காதீர்கள்.

கழற்றியதைத் தூக்கிப் போடுவது

புரூக்ஸ் தோல் சீட்டைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சு சீட் போட்டிருப்பார்கள். பழையது பரணில் கிடக்கும், தேடுங்கள். டைனமோ, செயின் கவர், சைக்கிள் வரி கட்டியதற்குக் கொடுத்த சின்ன வில்லைகூட இருந்தால் சைக்கிளோடு சேர்த்துக் காட்டுங்கள்.

இணையத்தில் கேட்கும் விலையை நம்புவது

கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு.

காவேரிப்பட்டணத்துத் தம்பியின் ஹம்பருக்கு முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய். அந்த இடுக்கில் ஸ்பிரே சரியாகப் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன்: விரல் அகலத்துக்குப் பழைய பச்சை அப்படியே இருந்தது. "தின்னர் போட்டு மற்றதையும் எடுத்துவிடட்டுமா அண்ணா?" என்றார். தொடவே வேண்டாம் என்றேன். அந்த இடுக்கை மட்டும் வெயிலில் வைத்து நான்கு படம் எடுத்தோம். மேல் பெயின்ட் புதிது என்று விற்பனை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லி அனுப்பினேன்.