ஹுர்ரெம் சுல்தானின் கல்லறைக்குப் போகிறீர்களா? பள்ளிவாசலுக்கு முன்னால் அங்கே போங்கள்

இஸ்தான்புல் போகிறவர்கள் யாரும் சுலைமானியே பள்ளிவாசலைப் பார்க்காமல் வருவதில்லை. ஆனால் அதைக் கட்டுவித்த உஸ்மானியப் பேரரசர் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம் சுல்தானின் கல்லறையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, அதற்கு அவர்கள் கொடுப்பது ஐந்து நிமிடம்தான். பெரிய குவிமாடத்தின் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, மாடத்திலிருந்து கோல்டன் ஹார்ன் என்ற கடல் கழியைப் படம் எடுத்து, கால் ஓய்ந்த பிறகு கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் முதல் முறை அப்படித்தான் செய்தேன். இரண்டாம் முறை நேராகக் கல்லறைக்குப் போனேன். அந்தச் சின்ன அறையில் முக்கால் மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. அதனால் நீங்களும் முதலில் அங்கே போய்விடுங்கள், பள்ளிவாசல் அப்புறம்.

போகும் வழி எளிது. எம்2 மெட்ரோவில் ஏறி வெஸ்னெஜிலெர் நிலையத்தில் இறங்குங்கள், இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டை கையில் இருந்தால் போதும். வெளியே வந்ததும் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் நீண்ட மதில் உங்கள் வலது கைப்பக்கம் வருகிற மாதிரி வடக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் மினார்கள் தெரிந்துவிடும். எமினோனு படகுத் துறையிலிருந்தும் ஏறி வரலாம், ஆனால் அது நல்ல மேடு, வெயில் நேரத்தில் மூச்சு வாங்கும். அந்தப் பாதையைத் திரும்பி இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், கடைத்தெருக்கள் வழியாக நடக்க அருமையாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், ஜும்ஆ தொழுகைக் கூட்டம் இருக்கும். மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். மாலைவரை தள்ளிப்போட்டால் பள்ளிவாசல் திறந்திருந்தாலும் கல்லறைக் கதவு சாத்தியிருக்கும். கட்டணம் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் சட்டென்று கழற்றி மாட்டுகிற மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

வளாகத்துக்குள் வந்ததும் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். கல்லறைகள் இருப்பது கிப்லாச் சுவருக்கு, அதாவது தொழும்போது முன்னால் இருக்கும் மக்கா பக்கத்துச் சுவருக்குப் பின்னால், மதில் சூழ்ந்த ஒரு தோட்டத்தில். துருக்கியில் கல்லறை மண்டபத்தைத் துர்பே என்பார்கள், பலகைகளில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். உள்ளே நுழைந்ததும் சுற்றிலும் தூண் வரிசையோடு கண்ணில் படும் பெரிய மண்டபம் சுல்தான் சுலைமானுடையது. பக்கத்தில் எளிமையாக, அளவில் சிறியதாக இருப்பதுதான் ஹுர்ரெமின் துர்பே. இவர்கள் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இருவரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்று நினைத்து சுலைமானின் துர்பேயில் ஹுர்ரெமைத் தேடுகிறார்கள். அங்கே சுலைமானோடு இருப்பது மகள் மிஹ்ரிமாவும் பின்னால் வந்த அரச குடும்பத்தார் சிலரும்.

ஹுர்ரெம் மறைந்தது 1558 ஏப்ரலில். பள்ளிவாசல் கட்டி முடிந்து அப்போது சுமார் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதைக் கட்டிய அரண்மனைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான்தான் இந்தத் துர்பேயையும் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் எட்டுப் பட்டை, உள்ளே போனால் பதினாறு பட்டை. சரி, உடனே உள்ளே போய்விடாதீர்கள். முன்மண்டபத்தில் கதவுக்கு இரண்டு பக்கமும் சுவரில் பதித்த, படம் வரைந்த ஓட்டுப் பலகைகள் இருக்கின்றன, துருக்கியின் இஸ்னிக் ஊரில் சுட்டவை. கிளை கிளையாகப் பூத்து நிற்கும் மரங்கள், வெள்ளைப் பூக்கள், கீழே மற்ற செடிகள். சொர்க்கத் தோட்டத்தின் வாசல் என்ற எண்ணத்தில் வரைந்தது என்பார்கள், பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

உள்ளேயும் அதே ஓடுகள்தான், நீலமும் பச்சை கலந்த நீலமும் சிவப்புமாக. அந்தச் சிவப்பைக் கிட்டத்தில் பாருங்கள், கை படாமல். நேராகப் பார்க்காமல் ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக ஒதுங்கி நின்று சாய்வாகப் பார்த்தால் சிவப்பு வந்த இடம் மட்டும் தடிப்பாக, தொட்டால் விரலில் தட்டுப்படுகிற மாதிரி மேலெழுந்து நிற்பது தெரியும். இரும்பு நிறைந்த ஒரு செம்மண்ணைக் கெட்டியாகப் பூசி, மேலே கண்ணாடி மாதிரிப் பூச்சுக் கொடுத்துச் சுட்டார்கள், அதனால்தான் அந்தப் புடைப்பு. 1550களில்தான் இஸ்னிக் கைவினைஞர்களுக்கு இந்தச் சிவப்பு பிடிபட்டது. அந்த வகையில் இது ஒரு புது நிறம் ஊருக்குள் வந்த சமயத்தில் ஒரு அரசியின் கல்லறைக்காகச் செய்த வேலை. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

நடுவில் பச்சைத் துணி போர்த்திய பெட்டி மாதிரி இருப்பதைச் சந்துகா என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலைக் கொண்டுபோகும் சந்தூக் இருக்கிறதே, அதே சொல்தான். அதற்குள் உடல் இல்லை. கபர், அதாவது அடக்கம் செய்த குழி, கீழே மண்ணில் இருக்கிறது, மேலே இருப்பது அடையாளம் மட்டும். ஹுர்ரெமோடு இங்கே இன்னும் இருவர் அடங்கியிருக்கிறார்கள், மகன் இரண்டாம் செலிமின் பிள்ளை மெஹ்மத், அப்புறம் சுலைமானின் சகோதரி மகள் ஹனும் சுல்தான். ஜியாரத் செய்ய, அதாவது கபரைத் தரிசிக்க வந்தவர்கள் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிக்கொண்டிருந்தால் அவர்கள் முடிக்கும்வரை ஓரமாக நில்லுங்கள், கேமரா உள்ளேயே இருக்கட்டும். நீங்கள் ஓதுகிறவர் என்றால் அங்கேயே நின்று ஓதலாம். துணி கட்டுவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, நேர்ச்சை வைப்பது எல்லாம் வேண்டாம், அதை யாரும் அங்கே விரும்புவதில்லை.

இன்றைய உக்ரைன் பக்கத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பெண் அவர். சுல்தான் ஒருவர் அடிமைப் பெண்ணை முறைப்படி மணம் செய்துகொண்டது ஊரையே வாயடைக்க வைத்தது. இஸ்தான்புல்லில் மருத்துவமனை, ஜெருசலேமில் ஏழைகளுக்கு உணவுச்சாலை என்று தன் பெயரில் கட்டினார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தச் சின்ன அறை வேறு மாதிரித் தெரியும்.

வெளியே வந்ததும் சுலைமானின் துர்பேக்குப் போய் அங்கே சந்துகாக்களின் தலைமாட்டில் உள்ள பெரிய வெள்ளைத் தலைப்பாகைகளைப் பாருங்கள், ஆண்களுக்கு மட்டும்தான் அது. பிறகு பள்ளிவாசல். பசித்தால் எதிர்த் தெருவில் வெள்ளை பீன்ஸும் சோறும் போடும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெஸ்னெஜிலெர் பக்கமே திரும்புங்கள். நிலையத்துக்கு மிக அருகில் ஷெஹ்ஸாதே பள்ளிவாசல் இருக்கிறது. 1543இல் இறந்த மூத்த மகன் மெஹ்மதுக்கு, தாய் ஹுர்ரெம் உயிரோடு இருந்தபோதே எழுந்த துர்பே அங்கே இருக்கிறது, கடைசி மகன் ஜிஹாங்கிரும் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார். தாயைப் பார்த்த அதே நாளில் அந்த இருவரையும் பார்த்துவிட்டு மெட்ரோ ஏறுங்கள்.