மலை மழைக்கு எந்த பேன்ட்?

ஆடியில் பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்தும். அதே நாளில் மேலே மாஞ்சோலை மலையில் இருக்கும் நாலுமுக்கு, ஊத்து என்ற ஊர்களில் மழை கொட்டும். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலையோடு நின்றுவிடுகிறது. வாசல் வெயிலை நம்பி நான் முதல் தடவை மாஞ்சோலைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். நனைந்த ஜீன்ஸ் இடுப்பில் நிற்கவில்லை, இரண்டு நாளாகியும் காயவில்லை.

மலையில் கால் நனையத்தான் செய்யும். நனைந்தாலும் சீக்கிரம் காயும் துணிதான் நமக்குத் தேவை.

1. வாளிச் சோதனை

வீட்டில் இருக்கும் பேன்ட்டுகளை வாளித் தண்ணீரில் முக்கி, நன்றாகப் பிழிந்து, ஃபேனுக்குக் கீழே போடுங்கள். எது முதலில் காய்கிறதோ அதுதான் மலைக்கு. பெரும்பாலும் அது மெல்லிய நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி நூல் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நைலான் 4, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. விலை உயர்ந்த டிரெக்கிங் பேன்ட் தேடி அலைய வேண்டாம். உள்ளே பருத்தி லைனிங் இல்லாத விளையாட்டு டிராக் பேன்ட்டே போதும்.

2. உட்கார்ந்து பாருங்கள்

கடையிலேயே குத்துக்காலிட்டு உட்காருங்கள். முட்டியில் பிடித்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். பாறையில் காலைத் தூக்கி வைக்கும்போது ஈரத்துணி இன்னும் இறுக்கும்.

3. உள்ளே போடுவது

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வெளியே நைலான், உள்ளே பருத்தி ஜட்டி என்றால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். உடம்போடு ஒட்டிய சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுங்கள். கிளம்பும் முன் தொடை இடுக்கில் வாசலின் தடவுங்கள்.

4. அட்டை

ஷார்ட்ஸ் மட்டும் போட்டுப் போனால் அட்டைக்கு விருந்துதான். முழு பேன்ட், அதன் மேல் முட்டிக்குக் கீழே கயிறு கட்டும் லீச் சாக்ஸ், இரண்டும் வேண்டும். பேன்ட்டின் அடிப்பகுதி சாக்ஸுக்குள் போக வேண்டும். அப்படியும் ஒன்று ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் அதன் வாய்ப்பக்கமாக நெம்பித் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது. இரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

5. மழை பேன்ட்

ஏற்றத்தில் போட்டால் உள்ளே வியர்த்து அதுவே மழையாகிவிடும். காற்று வீசும் புல்மேட்டிலும், நடக்காமல் நிற்கும்போதும் மட்டும் போடுங்கள். ஷூவைக் கழற்றாமல் மாட்ட, பக்கத்தில் ஜிப் வைத்ததாகப் பாருங்கள்.

6. ராத்திரி பேன்ட்

ஒரு காய்ந்த பேன்ட்டை பாலித்தீன் பையில் கட்டி, முதுகுப்பையின் நடுவில் வையுங்கள். தூங்க மட்டும் அது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் காலையில் அதிலேயே நடக்காதீர்கள். அடுத்த ராத்திரிக்குக் காய்ந்த துணி இருக்காது. பழைய ஈர பேன்ட்டையே மாட்டுங்கள். இரண்டு நிமிஷம் உடம்பு கூசும், அப்புறம் நடக்க நடக்கச் சூடேறிவிடும்.

சொல்ல விட்டுப்போனது: மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதி. பேன்ட் வாங்கும் முன் வனத்துறை அனுமதியை விசாரித்துவிடுங்கள்.