கேஸ் அனலைசருக்குத் தொலைநிலை காலிபரேஷன் ஒயரிங் செய்யும் முறை

சிமென்ட் சூளையின் புகையில் கார்பன் மோனாக்சைடு அளவு ஏறினால், வெடிப்பு அபாயத்தைத் தவிர்க்க மின்னிலைத் தூசுப்பிடிப்பான் தானாகவே நிறுத்தப்படும். அந்த அளவைச் சொல்லும் அனலைசருக்குள் ஸ்பான் கேஸ் (அளவு முன்பே தெரிந்த சோதனை வாயு) பாயும்போது, அது காலிபரேஷன்தான், அதாவது அனலைசரைச் சரிபார்த்துத் திருத்தும் வேலைதான் என்று பிஎல்சிக்கு (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தெரியாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் தூசுப்பிடிப்பான் வீணாக நின்றுபோகும். ஆகவே, கட்டளை அனுப்பும் கம்பிகளுக்குக் கொடுக்கும் கவனத்தை, அனலைசர் திருப்பியனுப்பும் "காலிபரேஷன் நடக்கிறது" என்ற சிக்னலுக்கும் கொடுக்க வேண்டும்.

படி 1: தேவையான சிக்னல்களை எழுதிக்கொள்ளுங்கள். அனலைசருக்குச் செல்பவை ஜீரோ (கார்பன் மோனாக்சைடு இல்லாத வாயுவால் சரிபார்ப்பது), ஸ்பான் என்ற இரண்டு கட்டளைகள். திரும்பி வருபவை காலிபரேஷன் நிலை, பழுது, 4–20 மில்லிஆம்பியர் அளவீடு ஆகிய மூன்று.

படி 2: கட்டளை இன்புட்டின் வகையைக் கையேட்டில் பார்த்து, மல்டிமீட்டரிலும் உறுதிசெய்யுங்கள். எதையும் இணைக்காத நிலையில் அந்த டெர்மினல்களில் சுமார் 24 வோல்ட் டிசி தெரிந்தால், பெரும்பாலும் அது மின்னழுத்தமில்லாத ட்ரை காண்டாக்டை எதிர்பார்க்கிறது என்று பொருள். பிஎல்சியின் டிரான்சிஸ்டர் அவுட்புட்டோ பெரும்பாலும் 24 வோல்ட்டை வெளியே தரும். அதனால் இடையில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, அதன் காண்டாக்டை மட்டும் அனலைசருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இந்த ரிலேயைத் தேவையற்ற செலவென்று நினைத்து நேரடியாக இணைத்தேன். இன்புட் கார்டு போனது.

படி 3: மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் போடாதபடி பூட்டிய பின் கேபிளை இணையுங்கள். ஷீல்டு கொண்ட ட்விஸ்டட் பேர் கேபிளைப் பயன்படுத்தி, ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் கேபிள் போகும் ட்ரேயில் இதைப் போட வேண்டாம்.

படி 4: சோதனை வாயுவைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வை (மின்காந்தக் காயிலால் திறக்கும் வால்வு) ரிலே வழியாக இயக்குவதானால், டிசி காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்கும்படி இணையுங்கள். திருப்பிப் போட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

படி 5: நிலை சிக்னல் வந்தவுடன் பிஎல்சி கடைசி அளவைப் பிடித்துவைத்து, ஆபரேட்டருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். சிக்னல் போனதும் பிடியை உடனே விடக் கூடாது. குழாயில் மிச்சமிருக்கும் ஸ்பான் கேஸ் வெளியேறி, சூளைப் புகையின் சாம்பிள் வந்து அளவு நிலைபெறும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக டைமரில் வையுங்கள். ஜீரோவும் ஸ்பானும் ஒரே நேரத்தில் இயங்காதபடி இன்டர்லாக்கும் தேவை.

படி 6: ஆலைப் பொறுப்பாளரின் அனுமதி பெற்று, சிலிண்டர்களைத் திறக்காமலே ஒவ்வொரு கட்டளையையும் கொடுத்து, ரிலேயின் "டிக்" ஒலியையும் திரும்பி வரும் சிக்னலையும் சரிபாருங்கள். அதன் பிறகு, நிலை சிக்னல் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஜீரோ கட்டளை கொடுங்கள். சில நொடிகளுக்குள் பிஎல்சி "பதில் இல்லை" என்று அலாரம் எழுப்பிக் கட்டளையைத் திரும்பப் பெறாவிட்டால், ஸ்பான் சிலிண்டரைத் திறக்க வேண்டாம்.